ஆளில்லாத தீவு என்று சொல்வதற்கு முன்

போன வாரம் நண்பர் வீட்டில் ஐரோப்பியர்களின் காலனிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "மதீராவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே மனிதர்களே இருந்ததில்லை. போர்த்துக்கீசியர்கள் போனார்கள், காட்டைத் திருத்தினார்கள், உழைத்து முன்னேறினார்கள். யார் வயிற்றில் அடித்தார்கள்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

மதீரா, ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்த்துக்கீசியத் தீவு. அதன் தென்கரையில், தலைநகர் ஃபுன்ஷாலுக்குச் சற்று மேற்கே, காமரா தெ லோபுஸ் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. இன்று அது தனி நகராட்சி. பெயருக்கு 'ஓநாய்களின் அறை' என்று பொருள். அட்லாண்டிக் நடுவே ஒரு தீவில் ஓநாய் எப்படி வரும்? போர்த்துக்கீசியர்கள் சீல்களை, அதாவது கடல்நாய்களை, கடல் ஓநாய் என்பார்கள். 1420ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீவில் குடியேற்றத்தை நடத்திய போர்த்துக்கீசிய மாலுமி ஜோவாவ் கொன்சால்வெஸ் சார்கோவின் ஆட்கள் படகில் கரையோரமாக வந்தபோது, அலை குடைந்துவைத்த ஒரு பாறை வளைவில் சீல்கள் கூட்டமாகக் கிடந்தன. ஆட்கள் இறங்கி அடித்துக் கொன்றார்கள். அந்தக் கொலை அவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்காகவும் கொண்டாட்டமாகவும் இருந்தது என்று, அடுத்த நூற்றாண்டில் இந்தத் தீவுகளின் வரலாற்றை எழுதிய பாதிரியார் கஸ்பார் ஃப்ருத்துவோசு பதிவுசெய்திருக்கிறார். மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஓர் ஊரின் முதல் நாள் அப்படித்தான் தொடங்கியது. கொன்றவற்றின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்.

தீவின் பெயரும் அப்படித்தான். 'மதீரா' என்றால் மரம். கடல்விளிம்பு வரை அடர்ந்திருந்த காட்டைப் பார்த்து வைத்த பெயர். வைத்த கையோடு தீ வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் காடு எரிந்தது என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. மேகம் தங்கும் வடபுறச் சரிவுகளில் இன்றும் சுமார் 15,000 ஹெக்டேர் ஈரக்காடு மிஞ்சி நிற்கிறது. 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தெற்கே பெருந்தீ மூண்டது பொய்யில்லை. 1455இல் அங்கே போன வெனிஸ் வணிகர் கடமோஸ்தோ, குடியேறியவர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார்: தாங்கள் மூட்டிய தீ தங்களையே துரத்த, சார்கோ உட்பட ஆண், பெண், குழந்தைகள் அத்தனை பேரும் கடலில் இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் இரண்டு பகல், இரண்டு இரவு நின்றார்கள். சோறு கிடையாது, குடிநீர் கிடையாது. எதிரே மலை எரிகிறது. கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு தாய் எத்தனை நேரம் நின்றிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு அவர்கள்மீது கோபம் வருவதில்லை. அவர்களும் பாவப்பட்ட ஜனங்கள்தான்.

அதே கடமோஸ்தோ, தீவில் ஆட்கள் வசிக்கும் இடங்கள் நான்கு என்கிறார். அதில் ஒன்று காமரா தெ லோபுஸ். அப்போது தீவு முழுவதும் 800 ஆண்கள்தான். முதலில் கோதுமை. காடு எரிந்த சாம்பல் மண்ணில் அது அள்ளிக் கொடுத்தது. பிறகு கரும்பு. நண்பரின் வாதம் இந்தக் கரும்பில்தான் உடைகிறது.

கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். மழை பெய்வது வடக்கே மலைமேல், வயல் இருப்பது தெற்கே கடலோரம். இடையில் செங்குத்துப் பாறை. காமரா தெ லோபுஸை ஒட்டிய ஜிராவ் முனையே 580 மீட்டர் உயரம். அந்த மலைகளின் விலாவில் கால் அகல வாய்க்கால்களைக் கொத்தித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். லெவாடா என்பார்கள். மேலிருந்து கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார்கள். கூடைக்குள் ஆள். கையில் உளி. கீழே பள்ளத்தாக்கு. கயிறு அறுந்தால் அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு யார் கிடைப்பார்கள்? தெற்கே கனேரித் தீவுகளில் மக்கள் இருந்தார்கள். மதீராவிலிருந்தே கப்பல்கள் போய் அந்தக் குவாஞ்சேக்களைப் பிடித்துவந்தன. மலையேறப் பழகியவர்கள் என்பதால் பாறை கொத்தவும் ஆடு மேய்க்கவும் அவர்களைப் பூட்டினார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அதற்குத் தெற்கேயிருந்தும் அடிமைகள் வந்தார்கள். மதீராவில் யாரையும் விரட்டவில்லை என்பது உண்மைதான். அங்கே ஆளில்லாததால்தான் பக்கத்துத் தீவின் ஆட்களை அள்ளிவர வேண்டியிருந்தது. இந்த ஒரு வரியை நண்பரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

1452இல் தண்ணீரால் ஓடும் கரும்பாலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சர்க்கரை இங்கிருந்து பெருமளவில் போனது. ஃபுன்ஷாலின் நகரச் சின்னத்திலேயே ஐந்து சர்க்கரைக் கூம்புகள் உண்டு. சாறு காய்ச்ச விறகு விறகாக மிச்சக் காடும் போனது. 16ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆலைகள் தளர்ந்தன. கரும்பும் அடிமையும் சேர்ந்த அந்த ஏற்பாடு மட்டும் கப்பலேறி, ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சாவோ தொமேவுக்கும் பிரேசிலுக்கும் போய்விட்டது.

காமரா தெ லோபுஸ் திராட்சைக்கும் மீனுக்கும் திரும்பியது. ஆழ்கடலில் கருப்பு வாளைமீன் பிடிக்கும் ஊர் அது. நீண்ட காலம் மதீராவின் ஏழை ஊர்களில் ஒன்றாகவே இருந்தது. 1950 ஜனவரியில் சர்ச்சில் வந்து துறைமுகத்தை ஓவியமாக வரைந்தார். அவர் அமர்ந்த இடத்தை இன்றும் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள், காட்டட்டும். லெவாடா ஓரமாக நடக்க உலகெங்கும் இருந்து வருகிறவர்களுக்குக் கூடையில் தொங்கியவர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சீல்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். மதீராவின் கரையை விட்டு விலகி, தென்கிழக்கே மனிதர் குடியில்லாத தெசெர்தாஸ் தீவுகளின் குகைகளுக்குள் ஒதுங்கின. 1980களின் இறுதியில் பத்துகூட மிஞ்சவில்லை. 1990இல் அந்தத் தீவுகளைக் காப்பகமாக அறிவித்தார்கள். அதன் பிறகு மெல்ல மெல்லப் பெருகி இருபதைத் தாண்டியிருக்கின்றன. ஒரு காலத்தில் திறந்த கடற்கரையில் படுத்துக் கிடந்தவை இப்போது குகையின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குட்டி போடுகின்றன. அபூர்வமாக ஒன்றிரண்டு மட்டும் மதீராவின் கரையோரம் வந்து தலை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.