தூக்கிக்கொண்டு போனதைப் பாராட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், நம் சங்கத்தின் விருது நிகழ்ச்சியில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக நான் இருக்கும் எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் அந்தக் காணொலிதான். விருது வாங்க வந்த ஆசிரியர் ஐயாவைச் சக்கர நாற்காலியோடு நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிறார்கள். பின்னால் உருக்கமான இசை. கீழே, மனிதநேயம் இன்னும் சாகவில்லை, நம் இளைஞர்கள் தங்கங்கள் என்று கருத்துகள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று சங்கத்தின் நிர்வாகக் குழுவான செயலவையைச் சேர்ந்த ஒருவர், "குறை சொல்றவங்க வந்து ஒரு பக்கம் புடிச்சிருக்கலாமே" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஐயாவைத் தூக்கியதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தூக்க வேண்டி வந்ததுதான் தவறு. செயலவையினரே, விருது அவருக்கு என்று முடிவு செய்தது நீங்கள். அழைப்பிதழில் அவர் பெயரைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அவர் நடக்க மாட்டார் என்பதும் அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகும் லிஃப்ட் இல்லாத மண்டபத்துக்கு முன்பணம் கட்டினீர்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர், மாலை எத்தனை, பொன்னாடை எத்தனை என்று கணக்குப் பார்த்த கூட்டத்தில், "ஐயா எப்படி மேலே வருவார்?" என்று ஒருவர் வாயிலிருந்துகூட வரவில்லையா?

ஐயா சிரித்துக்கொண்டுதானே இருந்தார் என்கிறீர்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

என் தம்பிக்கு 23 வயதில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. விபத்துக்கு மறுவருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், முதல் மாடி மண்டபம். "நாங்க இருக்கோம்லா, ஒண்ணும் ஆவாது" என்று மாமாமார்கள் நான்கு பேர் தூக்கினார்கள். சக்கர நாற்காலியின் கைப்பிடியும் கால்மிதியும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தவை. எங்கே பிடிக்க வேண்டும் என்று யாரும் தம்பியைக் கேட்கவில்லை. பாதிப் படியில் கைப்பிடி ஒரு மாமாவின் கையோடு வந்துவிட்டது. நாற்காலி சாய்ந்தது. விழவில்லை, தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் சிறுநீர் சேர அவன் உடலோடு மாட்டியிருந்த பையின் குழாய் இழுபட்டுக் கழன்றுவிட்டது. பட்டுச் சட்டை வேட்டியோடு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால். அவன் சிரித்தான். "பரவால மாமா, பரவால" என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னான். அதற்குப் பிறகு நான்கு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கால் எலும்பு நாளடைவில் வலுவிழந்துவிடும். இடித்தால் முறியும், முறிந்தது அவர்களுக்குத் தெரியாமலும் போகலாம். இதெல்லாம் தூக்குகிற பையன்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தப் பையன்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் தம்பியையும் எத்தனையோ முறை முகம் தெரியாத பிள்ளைகள் தூக்கிவிட்டிருக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்கு அந்த இரண்டு நிமிஷம்தான் இருந்தது. செயலவைக்கு ஒரு மாதம் இருந்தது. என் கோபம் அங்கேதான். பையன்களின் நல்ல மனசுக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள்.

"பழைய கட்டடம், நாங்க என்ன செய்ய முடியும்?" வேறு மண்டபம் எடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் தரைத்தளத்தில் இடமே இல்லையா? "செலவாகும்." எவ்வளவு என்று விசாரித்தீர்களா? 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்குச் சாய்தளம் போட 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதுதான் கணக்கு. மேடை உயரம் என்றால், அன்றைக்கு ஒருநாள் எல்லாருக்குமே விருதைக் கீழே இறங்கி வந்து கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

"பத்துமலைல 272 படி இருக்கே, அதுக்கும் போராடுவீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மலையை இடிக்கச் சொல்லவில்லை தம்பி. மண்டபத்தை மாற்றச் சொல்கிறேன்.

"ஒருத்தருக்காகவா இவ்வளவும்?" இந்தக் கேள்விதான் நெஞ்சில் குத்துகிறது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. உங்கள் கூட்டத்தில் ஒருவர்தான் தெரிகிறார் என்றால், மற்றவர்கள் படியைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு இருக்கும் உங்கள் அம்மாவும் அதில் உண்டு. "ஐயோ பாவம், போன ஜென்மத்துல என்ன செஞ்சுச்சோ" என்று என் தம்பி காதுபடப் பேசியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவனை வீட்டுக்குள் வைத்தது ஜென்மம் இல்லை, படி.

மாற்றுத்திறனாளி என்பதா, உடற்பேறு குறைந்தோர் என்பதா என்று போன வருஷம் இதே ஆட்கள் முகநூலில் ஒரு வாரம் விவாதித்தார்கள். எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் அந்த இரண்டு மாடி அப்படியேதான் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685ஆவது சட்டம். பொதுக் கட்டடங்களுக்குள் போய்வருவது அவர்கள் உரிமை என்று 26ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை? சட்டத்தில் எங்கேயும் இல்லை. 41ஆவது பிரிவு அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பும் கொடுக்கிறது. எதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் எல்லாம் சொல்கிறது, உடற்குறையைச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை 2010இல் நாடு ஏற்றுக்கொண்டது. அரசாங்க வேலையில் ஒரு விழுக்காடு அவர்களுக்கு என்பது 1988இலிருந்து இருக்கும் கொள்கை. நம் சமூகத்துப் பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் நாடாளுமன்ற மேலவைக்கே போனார். நம் சங்கத்து மேடைக்கு வர முடியுமா?

வேலை என்றதும் நினைவுக்கு வருகிறது. தம்பி கணக்கியல் படித்தவன். வேலை கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது எல்லாருக்கும் திருப்திதான். ஒரு நிறுவனத்தின் அலுவலகம் கடை வரிசையின் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. நேர்காணலைக் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் வைத்தார்கள். தே தாரேக் தேநீரை வைத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் பந்து விளையாட்டைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு நடுவே, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. இன்னொரு இடத்தில் லிஃப்ட் இருந்தது, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலிப் படமும் இருந்தது. திறந்தால் உள்ளே துடைப்பம், பெயின்ட் டின், உடைந்த நாற்காலிகள். மூன்று மாதம் அங்கே வேலை செய்தான். காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போவான், சாயங்காலம் வரை குடிக்க மாட்டான். கடைசியில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏன் வேலையை விட்டான், சோம்பேறியா என்று கேட்ட சொந்தமும் உண்டு.

இப்போது இருக்கும் இடத்தில் முதலாளி கணக்குப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். இரண்டு மேசை, ஒரு அலமாரி, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவ்வளவுதான். முதல் நாளே, "உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு தம்பி" என்றாராம். ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம் என்பது அந்த முதலாளிக்கு அப்புறம்தான் தெரியும், தம்பி சொல்லித்தான்.

கேட்டால் போதும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதுதான். தூக்குவதற்கு முன்னால் கேளுங்கள், மண்டபம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் அதே பிரிக்பீல்ட்ஸில் நிகழ்ச்சி வைத்துவிட்டு, அழைப்பிதழை வெறும் படமாக அனுப்புகிறீர்கள். படத்தில் இருக்கும் எழுத்தை அவர்கள் கைப்பேசி தடையில்லாமல் வாசித்துக் காட்டுமா? அதே விஷயத்தைக் கீழே நான்கு வரி எழுத்தாகவே யூனிகோடில் தட்டியிருந்தால் வாசித்திருக்கும். நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல்லின் மேல் அன்றைக்கு வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்கள் யாருடையவை?

நான் சங்கத்துக்கு எதிரி இல்லை. என் அப்பா இருபது வருஷம் அதில் சந்தா கட்டினார். எனக்குத் தமிழ்மேல் ஆசை வந்ததே அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்த நிகழ்ச்சிகளில்தான். அதனால்தான் வலிக்கிறது. அந்நியர் செய்திருந்தால் கடந்து போயிருப்பேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் மண்டபம் முடிவாகவில்லை என்று செயலாளர் எழுதியிருந்தார். பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துப் போங்கள் ஐயா. கழிப்பறைக் கதவை அளந்து எனக்கு அனுப்புங்கள். தம்பியின் நாற்காலி 64 சென்டிமீட்டர். உள்ளே போக முடியும் என்றால் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், அன்றைக்கு அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.