கைதட்டாதவன் நன்றி கெட்டவனா?

அந்தக் கைதட்டல் வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். இருக்கிற எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனி, யார் அந்தப் பையன் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்லப் போவதில்லை. மேடையில் இன்க்ரிமென்ட் கவர், கூடவே கால் கிலோ மைசூர்பா. வாங்கிக்கொண்டு இறங்கியவன் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். கீழே கமென்ட்டைப் பாருங்கள்: "நன்றி கெட்டவன்", "இவனுங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் பத்தாது".

எவ்ளோ குடுத்தாங்க? 300 ரூபாய்.

13,500 வாங்குகிறவனுக்கு பேசிக்கில் 300 ஏறினால் பிஎஃப் 12 சதவீதம், 36 ரூபாய் போய்விடும். இஎஸ்ஐக்கு முக்கால் சதவீதம். கைக்கு வருவது 262 ரூபாய்கூட இல்லை. விலைவாசி 5 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொண்டாலும், போன வருஷம் சாப்பிட்ட சாப்பாட்டையே இந்த வருஷமும் சாப்பிட அவனுக்கு 675 ரூபாய் ஏற வேண்டும். அப்படியென்றால் இது உயர்வா, குறைப்பா? சம்பளத்தைக் குறைத்து அதற்கு மைசூர்பாவும் கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதிலாவது கம்பெனி பணம் 300 ரூபாய் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியில் இருக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருஷாவருஷம் ஏப்ரல் 1 முதல் விலைக் குறியீட்டைப் பார்த்து அரசாங்கம் பஞ்சப்படி ஏற்றுகிறது. சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய காசு. அதையும் கவரில் போட்டு "மேனேஜ்மென்ட் உங்களுக்காகப் பண்ணியது" என்று நீட்டுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வாங்குகிறவனும் தலையைச் சொறிந்துகொண்டு தேங்க்ஸ் சார் என்கிறான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கொடுக்க முடியவில்லையா, முடியவில்லை என்று சொல்லுங்கள். கும்பிடச் சொல்லாதீர்கள்.

தொழில் மந்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் மந்தம் முதலில் தெரிவதே எங்களுக்குத்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி என்றபோது டிவியில் பொருளாதார நிபுணர்கள் விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்குள் எக்ஸ்போர்ட் லைனில் ஓவர்டைம் நின்றுவிட்டது. ஓவர்டைம் என்றால் டபுள் சம்பளம். பாதிப் பேர் வீட்டில் பிள்ளைகளின் ஃபீஸ் அதில்தான் போகிறது. இன்க்ரிமென்ட் பேச்சு வருவதற்கு முன்னாலேயே எங்கள் கைக்காசு குறைந்துவிட்டது. அதற்கு யாரும் மேடை போடவில்லை.

2019 ஞாபகம் இருக்கிறதா? வண்டி விற்பனை படுத்துப் பெரிய பெரிய கம்பெனிகளே உற்பத்தி இல்லாத நாள் அறிவித்த வருஷம். அப்போது நான் வேறு ஒரு சின்ன பார்ட்ஸ் யூனிட்டில் இருந்தேன். வேலை இல்லாத நாட்களில் பத்தலப்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போவேன். பாலக்கோட்டில் இருக்கும் அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது. (அம்மா முகநூலில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.) ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் முதலாளி மெஷின்களுக்கு நடுவில் வந்து நின்றார். "இந்த வருஷம் ஏத்த முடியாதுப்பா. ஆர்டர் பாதிகூட இல்ல. எனக்கே பேங்க்ல இருந்து போன் மேல போன் வருது. யாரையும் நிறுத்த மாட்டேன், அது மட்டும் சொல்றேன்." மைக் கிடையாது, ஸ்வீட் கிடையாது. எங்களில் ஒருத்தன்கூட எதிர்த்துப் பேசவில்லை. சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். அன்றைக்குக் கிடைத்தது பூஜ்யம். ஆனாலும் அவர்மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. இந்த 300 ரூபாய்தான் எரிகிறது.

"கம்பெனியை மூடிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பெரிய கம்பெனிக்குச் சரக்குப் போடும் சின்ன யூனிட்காரர் பாடு எனக்குத் தெரியும். 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது, ஆனால் பில்லை நீட்டிவிட்டு நாலு மாசம் நடக்கிறார்கள். அந்தச் சின்ன யூனிட்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மேடை, ஷாமியானா, போட்டோகிராபர், ட்ரோன் கேமரா வைத்து 300 ரூபாய் கொடுப்பவர் நாளைக்கே மூடிவிடுவார் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

"கவர்மென்ட் ஆளுக்கே கொரோனால பஞ்சப்படியை நிறுத்தினாங்களே?" நிறுத்தினார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2020 ஜனவரியிலிருந்து 18 மாசம். நிலுவையும் வரவில்லை, பாவம்தான். ஆனால் 2021 ஜூலையில் 17 சதவீதம் 28 ஆகிவிட்டது. திரும்பி வர அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்கு 2019-ல் விட்டது 2019-லேயே போனது. அடுத்த இன்க்ரிமென்ட்டும் அந்தப் பழைய பேசிக்கின் மேல்தான்.

"பெங்களூர்ல ஐடிக்காரனுக்கே ஹைக் இல்ல." ரொம்ப வருத்தம் தம்பி.

ராயக்கோட்டையில் தக்காளி விலை விழுந்தால் விவசாயி பறித்த கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார். அப்போதுகூட எந்த மண்டிக்காரரும் அவரைக் கூப்பிட்டு, தக்காளிப் பெட்டியை வாங்கினதுக்குக் கைதட்டு என்று சொன்னதில்லை. சம்பளம் வாங்குகிறவனிடம் மட்டும் ஏன் காசு போக மரியாதையையும் பிடித்தம் பண்ணுகிறீர்கள்?

ஹவுஸ் ஓனரிடம் போய் மந்தம் என்று சொல்லிப் பாருங்கள். ஓசூருக்கு ஏர்போர்ட் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் சொன்னார்கள். இன்னும் ஒரு விமானமும் இறங்கவில்லை, மூக்கண்டப்பள்ளியில் என் வாடகை மட்டும் ஏறிவிட்டது. கேட்டால் "ஏரியா டெவலப் ஆகுதுல்ல" என்கிறார். ஊருக்குப் போனால் அதைவிட மோசம். மாரியம்மன் பண்டிகைக்கு வரி போக நன்கொடை என்று சித்தப்பா நோட்டோடு வந்து நிற்பார். "சிப்காட்ல கம்பெனி வேலை, உனக்கென்னப்பா." பெரியவர் அவர், நான் என்ன சொல்வது? நோட்டில் எழுதிவிட்டு வந்து ராத்திரி வீட்டில் அவளிடம் திட்டு வாங்குகிறேன். கட்டடம் கட்டுகிற மச்சான் தினக்கூலி கட்டவில்லை என்றால் மறுநாள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுகிறான், அவனிடம் யாரும் நன்றி கேட்பதில்லை. எனக்கு ஐடி கார்டு இருக்கிறது, அதனால் நான் எல்லோருக்கும் நன்றியோடு இருக்க வேண்டும்.

"அப்போ வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்று எழுத ஒருத்தர் வருவார், டைப் பண்ணிக்கொண்டே இருப்பார். வாங்க சார். முதலில் உங்கள் சம்பளச் சீட்டை கமென்ட்டில் போடுங்கள், நானும் என்னுடையதைப் போடுகிறேன். அதற்கப்புறம் அந்தப் பையன் ஏன் கைதட்டவில்லை என்று பேசுவோம்.