குஜிலிப் புத்தகத்தை ஜன்னலோரம் வைக்காதீர்கள்

ஜார்ஜ் டவுனில் அச்சான பழைய புத்தகம் எதுவானாலும் முதலில் முகப்பைப் படியுங்கள். எந்தத் தெரு, எந்த அச்சுக்கூடம், விலை எத்தனை அணா என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வட சென்னையின் வரலாற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பல்கலைக்கழக நூலகங்களின் அரிய நூல் பிரிவு கண்காட்சி வைத்தால், நடு மேசை தோல் பைண்டு போட்ட தடித்த நூலுக்குத்தான். குஜிலிக் கடைத்தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் ஜன்னலோரம் கிடக்கும். இது தலைகீழ். 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபப்ரிசியஸின் தமிழ்-ஆங்கில அகராதி போன்றவற்றின் தாள் கந்தல் துணியை அரைத்துச் செய்தது, இன்னும் தாங்கும். காலணாப் பாட்டுப் புத்தகமோ மட்டமான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுக்கும், அமிலம் ஏறும், மடித்த இடம் அப்பளமாய் நொறுங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. 50 லக்ஸ் வெளிச்சம், தினம் 8 மணி நேரம், 90 நாள்: மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. ஒரு தாளை அதற்குமேல் காட்டாமல் உள்ளே எடுத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அதே தாளை 500 லக்ஸில் வைத்தால் 9 நாளில் அந்த அளவு தீர்ந்துவிடும். உச்சி வெயில் நேராக விழுந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பட்ட சேதம் இருட்டில் வைத்தால் ஆறுவதும் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் டியூப்லைட் போடுவது அடுத்த தப்பு. பகலில் உள்ளே சூடேறித் தாள் காய்கிறது. சாயங்காலம் விளக்கை அணைத்ததும் குளிர்ந்து ஈரம் வாங்குகிறது. தினமும் இப்படிச் சுருங்கி விரிந்தால் எந்தத் தாள் நிற்கும்? விளக்கு பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். புத்தகத்தையும் மல்லாத்தி வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அட்டைத் தாங்கல் கொடுத்து, முதுகு தானாக எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவோடு நிறுத்துங்கள்.

கம்பித் தையல் போட்ட புத்தகம்தான் பெரிய சோதனை. ராயபுரத்துக் கடல்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் ஓட்டை கிழிந்து நடுத்தாள் தனியே வந்துவிடும். கம்பிக் காலுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் தகட்டை நுழைத்து, காலை மெதுவாக நிமிர்த்துங்கள். துரு முற்றியிருந்தால் அங்கேயே ஒடித்து எடுங்கள். பிறகு அதே ஓட்டைகளில் லினன் நூலால் தைக்கலாம்.

கிழிசலை ஒட்டுவதற்குக் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாளும் போதும். பூச்சிக்காக மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். அதிலுள்ள செம்பு தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது.

1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட புத்தகங்களின் பிரதியை அரசுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அப்படித்தான் அரையணாப் புத்தகமும் லண்டன் வரை போய்ச் சேர்ந்தது. இங்கே மிஞ்சியிருப்பதை வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் கொண்டுவந்து காட்டுங்கள். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும். பக்கத்திலேயே அதே அளவில் ஒரு நகலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டுப் புத்தகம் அது, எடுத்துப் பாடிப் பார்க்கட்டும்.