வான் கோ ஆயராக இருந்தாரா?

வின்சென்ட் வான் கோ அபிஷேகம் (குருப்பட்டம்) பெற்ற ஆயராக, அதாவது ஒரு சபையை நடத்தும் குருவாக இருந்து, சபைப் பொறுப்பைத் துறந்துவிட்டு ஓவியரானார் என்று ஒரு பதிவு சொல்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். சிறு திருத்தம்: அவர் ஒருபோதும் அபிஷேகம் பெறவில்லை.

அன்று நெதர்லாந்தில் ஆயராவதற்குப் பல்கலைக்கழக இறையியல் படிப்பு தேவைப்பட்டது. அதன் நுழைவுத் தேர்வுக்காக 1877 மே முதல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார். அடுத்த கோடையில் தேர்வெழுதாமலேயே விட்டுவிட்டார். பிறகு பிரஸ்ஸல்ஸ் அருகே மூன்று மாதச் சோதனைப் பயிற்சி, அதிலும் இடம் உறுதியாகவில்லை. 1879-இல் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதியில் அவர் பார்த்தது சாதாரண நற்செய்திப் பணியாளர் வேலை. ஆறு மாத ஒப்பந்தம்தான், அது நீட்டிக்கப்படவில்லை. ஆக, துறக்க ஆயர் பதவியே இல்லை. 1876-இல் இங்கிலாந்தில் பள்ளி உதவி ஆசிரியராக இருந்ததும் பிரசங்கம் செய்ததும் உண்மை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய தந்தை தியோடோரஸ் ஆயர். தாத்தாவும் ஆயர், அவர் பெயரும் வின்சென்ட் வான் கோதான்! போதாததற்கு, பிரசங்கிப்பவரையும் ஆயரையும் நாம் ‘போதகர்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

சரிபார்ப்பது எளிது. ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகம் அவருடைய கடிதங்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேதிவாரியாக 1877 முதல் 1879 வரை பாருங்கள். 1876 நவம்பர் 3 கடிதத்தில் அவருடைய பிரசங்கமே இருக்கிறது.