குருவிக்குக் கண்ணீர், கொமோடோவுக்குச் சிரிப்பு

கொமோடோ உடும்பு அழியுதேன்னு நேத்து நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. "சிட்டுக்குருவியே அழியுது, இந்தப் பல்லிக்கு எதுக்குய்யா ஒப்பாரி?"ன்னு ஒரு அண்ணன். அதுக்கு எண்பது சிரிப்பு. சிரிச்சதுல பாதிப்பேர் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினம் வந்தா குருவிப் படம் போட்டு உருகுறவங்க.

முதல்ல, அது சுவத்துப் பல்லி இல்லண்ணே. உடும்பு. மூணு மீட்டர் வரை வளரும்.

நம்ம ஊர்ல குருவி குறைஞ்சது எனக்கும் தெரியும். ஓட்டு வீடு போச்சு, வீட்டு முற்றம் போச்சு, குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி இல்லை. ஆனா அது ஆசியா, ஐரோப்பா, கொண்டுபோய் விட்ட அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு எங்கேயும் இருக்கு. கொமோடோவுக்கு? இந்தோனேசியாவுல கொமோடோ, ரிங்கா, இன்னும் சில குட்டித் தீவு, ஃபுளோரஸ்ல சில ஓரங்கள். முடிஞ்சுது. பாடார் தீவுல 1970கள்லயே காணாமப் போச்சு. கடல் மட்டம் ஏறுது, வெயில் ஏறுதுன்னுதான் 2021ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அதை அழியும் நிலையில உள்ள இனம்னு அறிவிச்சாங்க. குருவிக்கு இந்த ஊர் இல்லேன்னா அடுத்த ஊர். இது எங்கே போகும்? நீந்தும்தான், கரை வேணாமா?

"ஆளையே கடிக்குமே"ன்னா, ஆமா, கடிக்கும். 2007ல ஒரு சின்னப் பையன் செத்தே போனான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. புலி மட்டும் முத்தமா கொடுக்குது?

"இந்தோனேசியா விஷயம் உனக்கெதுக்கு?" பனிக்கரடிக்கு அழுதப்போ யாரும் கேக்கலையே.

வேடிக்கை என்னன்னா, பெண் கொமோடோ பெரும்பாலும் முட்டை வைக்கிறதே ஒரு பறவை இலையும் மண்ணுமா குவிச்ச மேட்டுலதான். ஆரஞ்சுக் கால், கோழி சைஸ், அழிஞ்சுபோற ஆபத்து இல்லாத சாதாரணப் பறவை. நீங்க குருவியா உடும்பான்னு பட்டிமன்றம் நடத்துங்க.

எட்டாவது படிக்கிறப்போ எங்க கிணத்துமேட்டுல ஒரு உடும்பைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாங்க, கறிக்கு. இன்னைக்குன்னா ஜெயில். அன்னைக்கு வேடிக்கை பார்க்கத் தெருவே நின்னுச்சு. அதே வாரம் வீட்டுக்குள்ள குருவி கூடு கட்டிடுச்சுன்னு அம்மா ஃபேன் போடவே விடலை. சித்திரை வெயில்ல விசிறிமட்டையோட தூங்கினோம். அம்மாவைத் தப்பு சொல்லலை. ஆனா அழகா, சின்னதா, கீச்சுக்கீச்சுன்னா மட்டும்தான் இரக்கம் வருமா? கறுப்பா, சொரசொரன்னு இருந்தா சிரிப்புதானா?

பள்ளிக்கூடத்துல என் பட்டப்பேர் ஓணான். அந்த எண்பது சிரிப்புல ரெண்டு, அப்போ என் பெஞ்சுல உட்கார்ந்தவங்களோடது. பார்த்துட்டேன்.