முதல் திரையில் என்ன வருகிறது?

பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு வழங்கும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள், மாணவருக்கு ஏற்ற வேலைகளைப் பரிந்துரைக்கும் தொழில்தேர்வு மென்பொருளை வாங்கும்போது விலையையும் பயன்பாட்டு எளிமையையும் ஒப்பிட்டால் போதும் என்ற தொனியில், அது பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று அமைந்துள்ளது. கலிபோர்னியாவில் அத்தகைய கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கும் எனக்கு, பரிந்துரைக்கப்படும் வேலைகளை இரண்டாண்டுப் படிப்பைக் கொண்டு எட்ட முடியுமா என்பதே முதல் கேள்வியாகப் படுகிறது.

இத்தகைய மென்பொருள்களுள் பல, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த ஆறு ஆர்வ வகைகளையே அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் இயங்கும் ஓ-நெட் (O*NET) என்ற வேலைத் தகவல் தளத்தில் அதே வகையில் அமைந்த 60 கேள்விகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலைகளுக்குத் தேவைப்படும் கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகிய ஆயத்தத்தை அது ஐந்து நிலைகளாகப் பிரித்தும் காட்டுகிறது. அதைவிடக் கூடுதலாக என்ன தருகிறீர்கள் என்று விற்பனையாளரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நாங்கள் சோதித்த கட்டண மென்பொருள் ஒன்றில், பகலெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருவருக்கு முதல் திரையில் பல் மருத்துவர், உளவியலாளர் என்றே வந்தன. சமுதாயக் கல்லூரி தரும் அசோசியேட் பட்டத்துடனேயே சேரக்கூடிய பல் சுகாதார வல்லுநர் பணி மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த அவர் அதுவரை போகவே இல்லை. (எங்களுக்குச் செயல்விளக்கம் காட்டப்பட்டதோ சுவரளவு திரையில்!) ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மாணவர் சிலரை அவரவர் கைப்பேசியிலேயே அதைப் பயன்படுத்தச் சொல்லி அருகில் அமர்ந்து கவனிப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.