பட்டா இல்லாதவருக்கு என்ன கணக்கு?

வளம் கொழிக்கும் நாடுகள் ஏன் ஏழையாகவே கிடக்கின்றன என்று கேட்டால், "வெளிநாட்டுக் கம்பெனி சுரண்டுகிறது" என்பார்கள். பாதி உண்மைதான். போட்ஸ்வானா வைரக் கம்பெனியில் தன் பங்கை 1970களின் நடுவில் 50 சதவீதமாக உயர்த்தியது. பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் வந்தன. ஆனாலும் ஏற்றத்தாழ்வு மிக அதிகமுள்ள நாடுகளில் அது இன்னும் ஒன்று. கம்பெனி அரசின் கையில் இருந்தாலும் பலன் எல்லாருக்கும் போய்ச் சேருவதில்லை என்பதுதான் மீதிப் பாதி. அதைப் பார்க்க நம் கடலூர் மாவட்டமே போதும். நெய்வேலிச் சுரங்கம் 1956இலிருந்து பொதுத்துறைதானே?

100 ரூபாய்க்குப் பழுப்பு நிலக்கரி எடுத்தால் ராயல்டி, அதாவது கனிமத்துக்கான உரிமைத்தொகை 6 ரூபாய், மாநில அரசுக்கு. பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, 2015க்கு முந்தைய சுரங்கக் குத்தகையென்றால் ராயல்டியில் 30 சதவீத அளவு. அதாவது 1 ரூபாய் 80 காசு.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கொடுமை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும். அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். மோட்டாரே இல்லாமல் போர்க் குழாயில் தண்ணீர் பொங்கிய பூமி இது. நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனால் மேலே வைத்த மோட்டார் இழுக்காது. நீர்மூழ்கி மோட்டார், கேபிள், குழாய், முடிந்தால் புது போர் என்று செலவு இழுக்கும். பத்து ஏக்கர்காரர் கடன்பட்டாவது இறக்கிவிடுவார். ஒரு ஏக்கர்காரர் பக்கத்துப் போரில் தண்ணீரை விலைக்கு வாங்குவார், இரண்டு போகம் பார்ப்பார், பிறகு அதே பத்து ஏக்கர்காரரிடம் கூலிக்குப் போவார்.

2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக வளையமாதேவி என்ற ஊரில் வளர்ந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றது உயர்நீதிமன்றம். ஏக்கர் கணக்கு என்றாலே அது நிலம் வைத்திருப்பவருக்குத்தான். நாற்று நட்டவர்களுக்கு, அறுப்புக் கூலியை நம்பியிருந்தவர்களுக்கு?

மூன்று ஆண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே 2013 நிலமெடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆதாரம் கேட்கும்போதுதான் அடி விழுகிறது. நம்மூர்க் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று உடையவருக்குப் பயம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதியலாம், பதிபவர் அரிது. குறைந்தபட்சம் அடங்கலில், அதாவது ஊர்ச் சாகுபடிக் கணக்கில், சாகுபடி செய்பவர் பெயரை ஏற்றச் சொல்லி விஏஓவிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, நகல் வாங்கி வையுங்கள். கூலி வேலை செய்பவர்கள் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நிலமெடுப்பு நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஓடினால் பழைய பசலிக்கு (வருவாய்க் கணக்கு ஆண்டுக்கு) யாரும் பெயர் ஏற்றித் தர மாட்டார்கள்.